ஆறாவது வாரம்

ஈசூன் பலதுறை மருந்தகம். எண் 4072.
தையல் ஆறிவிட்டதா என்று கேட்ட தாதி ஹயாத்தி
மேசைமேல் ஒரு தட்டை நகர்த்தினார்:
மாத்திரை அட்டை, செம்பு சுற்றிய சின்னக் கொக்கி,
தீக்குச்சி அளவில் வெள்ளையாய் ஒன்று.
தொட்டுப் பாருங்கள்.
இரண்டு பெற்றவள்,
இப்போதுதான் தொடுகிறேன்.

முதல் பிரசவத்தில் கையேடு தந்தார்கள்,
தமிழில்தான்.
அதன்மேல் பால்புட்டி வைத்தேன்;
வட்டக் கறைக்குள் போயிற்று பாதி எழுத்து.
பால் கொடுக்கிறவளுக்குத் தங்காது என்றார் அத்தை.
மூத்தவன் நடக்குமுன்
வந்து நின்றாள் இவள்.

வேண்டாதவள் இல்லை.
தள்ளுவண்டியில் விழித்திருக்கிறாள்,
சத்தமாய்ச் சொல்கிறேன்: வேண்டாதவள் இல்லை.

யாரிடமாவது கேட்க வேண்டுமா?
கைப்பேசியை எடுத்தேன்.
துவாஸில் இரவு வேலை முடித்து
குமணன் தூங்கும் நேரம்.
பைக்குள் வைத்துவிட்டேன்.
எத்தனை வருடம்?
மூன்று. வேண்டாமென்றால் முன்பே எடுக்கலாம்.
மூன்று.
பாதியில் விட்ட கணக்கியல் பட்டயத்துக்கு
இன்னும் இரண்டு பருவம் பாக்கி.
கையை நீட்டினேன்.

மாலையில் கட்டைப் பார்த்தார்:
"தடுப்பூசி அடுத்த வாரம்தானே, பிள்ளைக்கு?"
"இது எனக்கு" என்றேன்.
"உட்காருங்கள்.
தேநீர் ஆறட்டும், சொல்கிறேன்."