மதியக் காவல்

சௌகிட்டில், பழைய துணி விற்கும் கடைக்கு மேலே
இரண்டாம் மாடி.
படியேறும்போதே பினாயில் வாசம்.
மோனோரயில் போகும்போதெல்லாம்
ஜன்னல் கண்ணாடி ஒருமுறை பல் கடிக்கும்.

பதினெட்டுப் பாய்கள்.
ஒன்றரைக்கு விரிப்போம், மூன்றுக்குச் சுருட்டுவோம்.
என்னைச் ‘சிக்கு’ என்பார்கள்:
மலாயில் ஆசிரியை,
தமிழில் சீப்புக்கு அடங்காதது.
இரண்டும் நான்தான்.

பயிற்சியில் நிறையச் சொல்லித் தந்தார்கள்.
கத்தரிக்கோலை எப்படிப் பிடிக்கவைப்பது,
கடிக்கிற பிள்ளையை எப்படி விலக்குவது,
நன்கொடை தந்தவருக்கு அனுப்பும் படத்தை
முகம் தெரியாமல் எப்படி எடுப்பது.
செருப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

ஷர்வினி முதல் நாள்
செருப்பைக் கழற்றி அடுக்கில் வைக்க மறுத்தாள்.
சோறு உண்ணும்போது மடியில்,
பாயில் தலைக்கடியில்.
ஒன்று பச்சை, ஒன்று நீலம்.
இரண்டும் இடது கால்.

அம்மா கோழிச்சோற்றுக் கடையில் தட்டு கழுவுகிறார்.
இரவு இரண்டு மணிக்கு முடியும்.
அதுவரை வங்கி வாசல் அஞ்சடியில்
பணமெடுக்கும் இயந்திரத்தின் வெளிச்சத்தில்
அண்ணன் துர்கேஷும் இவளும்
மாறி மாறி விழித்திருப்பார்கள்.
அவனுக்கு எட்டு வயது.
பிறப்புப் பத்திரம் இல்லாததால் பள்ளி இல்லை.
இங்கே ஆறுக்கு மேல் இடமில்லை.
அந்த விதியை எழுதியது நாங்கள்தான்.

படுக்கச் சொன்னபோது கேட்டாள்:
“யார் முழிச்சிருக்கறது?”
விளையாட்டென்று நினைத்தேன்.
மறுநாளும் கேட்டாள். ஒரு வாரம் கேட்டாள்.
பிறகுதான் சொன்னேன்: நான்.
“தூங்கிட மாட்டீங்களே?”
மாட்டேன்.
அன்றுதான் கண்ணை மூடினாள்.

அதற்குப்பின் அதுவே என் வேலை.
எண்கள், வண்ணங்கள், பல் துலக்கும் பாட்டு எல்லாம்
இடையிடையே செய்தவை.

தமிழுக்கு இருபது நிமிடம்,
அவளுக்கும் எனக்கும் மட்டும்.
ட எழுதினோம்.
சுழி இல்லை, வளைவு இல்லை,
மேலிருந்து ஒரு கோடு, கீழே படுக்கையாக ஒரு கோடு.
பார்த்துக்கொண்டே இருந்தாள்.
“இது மூலை, சிக்கு.
முதுக இங்க வெச்சுக்கிட்டா
பின்னால யாரும் வரமுடியாது.”
பட்டம் வரைந்த அட்டையை
எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை.
முந்தின இரவு பக்கத்துத் தெருவில் சோதனை வண்டிகள்.
விடியும்வரை பிள்ளைகளைத் தேடினோம்,
கார் நிறுத்துமிடத்தில், சந்தைக்குப் பின்னால்,
எல்லோரும் கிடைத்தார்கள்.
மதியம் மழை கட்டியது.
சுவரில் சாய்ந்தேன்,
அவ்வளவுதான் ஞாபகம்.

கண் திறந்தபோது இரண்டே முக்கால்.
பதினேழு பிள்ளைகள் வாய் பிளந்து தூங்குகிறார்கள்.
கதவருகே மூலையில்
இரண்டு இடது செருப்பையும் மாட்டிக்கொண்டு
முதுகை ஒட்டிக் குந்தியிருந்தாள் ஷர்வினி.
என் மேல் அவளுடைய முயல் போர்வை,
முழங்கால் வரை எட்டியது.
பேச வாயெடுத்தேன்.
உதட்டில் விரல் வைத்தாள்:
“அய்மான் இப்பத்தான் தூங்கினான்.”

பதிவேட்டில் மதிய உறக்கத்துக்கு ஒரு கட்டம் உண்டு.
மாதக் கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி
புவான் ரொஸ்னா அறிக்கை அனுப்புவார்.
உறங்கியோர்: பதினெட்டு
என்றே தினமும் எழுதி வந்தேன்.
அன்றும் எழுதினேன்.
கணக்கில் பிழையில்லை,
பதினேழு பிள்ளைகள், ஒரு சிக்கு.

பொறுப்பாளர் கையெழுத்து
என்ற இடத்தில் பேனா நின்றது.
அவளைக் கூப்பிட்டேன்.
கரண்டியைப் பிடிப்பதுபோல் பிடித்து
கட்டத்துக்குள் ஒரு கோடு இறக்கினாள்,
நிறுத்தினாள்,
அங்கிருந்து ஒன்றை இழுத்தாள்
கட்டத்தைத் தாண்டி, காகிதத்தைத் தாண்டி,
மேசை விளிம்பு வரைக்கும்.