பாரமோ?

ஸ்காபரோ, எக்ளின்டன் வீதி. மைனஸ் பத்தொன்பது.
பதினெட்டு மாடிக் கட்டடத்தின் இரவுக் காவலாளி நான்.
உள்ளே வருகிறவரிடம் பெயர் கேட்பேன்.
வெளியே போகிறவருக்குக் கதவைப் பிடித்துக் கொடுப்பேன்.
போன மாதம் ஒருவன்
யாரோ வீட்டுத் தொலைக்காட்சியோடு போனான்.
'பாரமோ?' என்று கேட்டு
நான்தான் மற்றக் கதவையும் திறந்துவிட்டேன்.

விடிந்தால் வீடு.
சப்பாத்துத் தட்டுக்கு மேலே ரூட்டர்.
மூன்று பச்சைக் கண், உறக்கமில்லை.
வெளியிலிருந்து எவன் தட்டினாலும்
ஆளில்லாத வீடு மாதிரி மூச்சுக் காட்டாது.
என் தொழில்காரன்.

மடிக்கணினிக்குள் இருக்கிற ஃபயர்வால் வேறு பிறவி.
நச்சரிப்பு. தொட்டதற்கெல்லாம் 'விடவா?'
அதை நிறுத்திவிடு என்று நிரோஜனிடம் சொல்லியிருந்தேன்,
மறந்துபோனான்.

இன்று தேநீர் ஆறுவதற்குள் கேட்டது:
மகள் இறக்கிவைத்த பனிச்சறுக்கு விளையாட்டு
தெரியாத முகவரிக்கு
எதையோ அனுப்பப் பார்க்கிறதாம்.
விடவா?

ரூட்டரை நிமிர்ந்து பார்த்தேன்.
அதே பச்சை.
உள்ளிருந்து போகிறவன்தானே என்று
கதவைப் பிடித்தபடி நிற்கிறது.
பாரமோ என்று கேட்காத குறை.

'வேண்டாம்' என்பதை அழுத்தினேன்.
பிறகு கனநேரம்
சீருடையைக் கழற்றாமலே இருந்தேன்.