பதினைந்து ஆம்பியர்

வாடகை பேசும்போதே கேட்டுவிட்டேன்:
போர்ட்டிகோவில் ஒரு பிளக் வேண்டும்,
பதினைந்து ஆம்பியர், தனி வயர், நல்ல எர்த்.
ஜெய்புன் லாத்தா என்னைப் பார்க்கவில்லை,
காரைப் பார்த்தார்.
"இது எத்தனை யூனிட் குடிக்கும்?"

கூத்தாநல்லூரில் அந்த வீட்டு மீட்டர்
அவர் பொறுப்பு. கணவர் கோலாலம்பூரில்.
ரீடிங் எடுக்கிற பையன் வருவதற்கு முன்பே
டார்ச் அடித்து எண்ணைக் குறித்துவைப்பார்
டைரியில், பால் கணக்குக்குக் கீழே.
ஐந்நூறு தாண்டினால் விலை ஏறும் என்று
அவருக்குத் தெரியும். எனக்கும்.
சப்-மீட்டர் வைத்தோம்.

செகண்ட் ஹேண்ட் கார்.
முதல் ஓனர் திருச்சியில் டாக்டர், அவசரக்காரர்.
ஹைவே ஓரம் அரைமணியில் ஏற்றி ஏற்றி
நாற்பதாயிரம் கிலோமீட்டர்.
ஷோரூம்காரன் லேப்டாப்பைச் சொருகி
எண்பத்தொன்பது என்றான்.
நூறில் எண்பத்தொன்பது உயிர்.
முப்பத்தெட்டு வயதில் என்னைச் சொருகினால்
என்ன காட்டும் என்று நான் கேட்கவில்லை.

வயலில் கட்டம் போடுவது என் வேலை.
ஐந்துக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி
உள்ளே விளைந்ததை அறுத்து, அடித்து, எடைபோட்டு
பயிர்க் காப்பீட்டுக்கு எழுத வேண்டும்.
கோட்டூர், களப்பால், மிஞ்சினால் முத்துப்பேட்டை.
நாளைக்குத் தொண்ணூறு கிலோமீட்டர்,
அதற்குமேல் எனக்கு ஊரே கிடையாது.

ஏழு மணிக்குச் சொருகினால் ஏறாது.
எல்லா வீட்டிலும் ஏசி, மிக்சி, மோட்டார்.
வோல்டேஜ் நூற்றெழுபதுக்கு இறங்கி
சார்ஜர் சிவப்பாக முழித்துக்கொண்டு நிற்கும்.
பதினொன்றுக்கு மேல்தான்
தெருவில் கரண்ட் மிஞ்சும்.
கடைமடைக்காரிக்கு இது புதிதில்லை.
மேலே இருக்கிறவன் பாய்ச்சி முடிக்கிறவரை
மண்வெட்டியோடு விழித்திருந்த வீடு எங்களுடையது.

மணிக்கு ஒன்பது சதவீதம்.
கைவைத்துப் பார்த்தால் பானட் சுடாது.
எண்பதில் கழற்ற வேண்டும்.
தானே நிற்கிற வசதி புது மாடலில் உண்டாம்,
இதில் நான்தான் வசதி.
மூன்று நாற்பதுக்கு அலாரம்,
நைட்டிமேல் துண்டு, வெறுங்கால், கொசு.

"காசு கொடுத்துத்தானே ஏத்துற,
வயிறு முட்ட விட்டா என்னா?"
"முட்டக் கூடாது லாத்தா.
இருபதுக்குக் கீழ காயவும் கூடாது."
"சுகர்காரிக்குச் சொல்ற மாதிரியே சொல்ற" என்றார்.
அவருக்கு சுகர்.

மாசி அறுப்போடு நோன்பும் சேர்ந்து வந்தது.
ஒரு நாள் அலாரம் அடித்தும் நான் எழவில்லை.
ஏழு மணிக்குப் பதறி இறங்கினால்
கேபிள் சுருண்டு ஆணியில் தொங்குகிறது.
சகருக்கு எழுந்தவர் கழற்றியிருக்கிறார்.
டைரியில் புதுப் பக்கம்:
3.52. 81.
மறுநாள் 3.45. 80.
அதற்கு மறுநாள் 3.25. 78.
பக்கத்தில், பசி, முன்னாடியே எழுந்துட்டேன்.

அலாரத்தை எடுத்துவிட்டேன்.

மாதம் ஒரு தடவை மட்டும் முழுதாக ஏற்றணும்,
உள்ளே செல்லெல்லாம் ஒரு மட்டத்துக்கு வர, என்று
எப்போதோ சொல்லியிருந்தேன்.
பிறை தெரிந்த இரவு
மருதாணிக் கையோடு மாடிப்படியில் நின்று
"இன்னைக்கு நூறு விடலாமா?" என்றார்.

விட்டோம்.
கடைசி மூன்று சதவீதம்
ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டது.
தொழுகை முடிந்ததும் பொதக்குடிக்கு, மகள் வீட்டுக்கு,
மடியில் வட்டலப்பம், கண் ஸ்கிரீனில்.
"குறையவே மாட்டேங்குதே" என்றார்,
பாலம் தாண்டுகிறவரை நம்பாமல்.

ஐப்பசியில் மறுபடி சொருகிப் பார்த்தான்.
எண்பத்தொன்பது.
லேப்டாப்பைத் தட்டிவிட்டு இன்னொரு தடவை பார்த்தான்.

சப்-மீட்டர் கணக்கில் மட்டும்
நாற்பது ரூபாய் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது.
நான் தரவேண்டும் என்கிறார்.
தந்தாயிற்று என்கிறேன்.