எங்கே போகக் கூடாதோ

காலையிலிருந்து தூண்டிலில்
பாசி, பாசி, ஒருமுறை யாரோ தொலைத்த கையுறை.
வீட்டுக்கென்று ரைமோ காயக்கின் மூக்கைத் திருப்பும்போதுதான்
வெடுக்கென்று ஓர் இழுப்பு.

ரீல் கிறீச்சிட்டது.
துடுப்பு மடியில் சும்மா கிடக்க
பீலினன் ஏரியில்
மீன் ஓட்டியது, மனிதன் போனான்.
நாணல் தாண்டி, வெள்ளைப் பாறை தாண்டி,
எங்கே போகக் கூடாதோ அங்கே:

ஏணியில் நின்று சௌனாவுக்குச் சிவப்படிக்கும்
எஸ்கோவின் படகுத்துறைக்கு.
எல்லைக்கல் வழக்கு முடிந்து ஏழு கோடை.
வென்றது யாரென்று
ஏரிக்குத் தெரியாது.

பட்.
நரம்பு அறுந்தது.

எஸ்கோ இறங்கவில்லை.
"பெரிதா?"
"பெரிது."
"எவ்வளவு?"

துடுப்பை விட்டு
இரு கைகளையும் விரித்தான் ரைமோ.
எஸ்கோ தூரிகையை அசைத்தான்:
இன்னும் கொஞ்சம் குறை.

ரைமோ குறைத்தான்,
ஒரு விரலளவு.