பதினாலாம் நம்பர் பெட்டி

செலாமா பட்டணத்தில் என் படங்களைத்
திட்டுவதற்கென்றே ஒருத்தி இருக்கிறாள்.
சியூ யென். பாஸ்போர்ட் படக் கடை.
நாள் முழுக்க முகங்களை நிமிர்த்தி
காது இரண்டும் தெரிகிறதா என்று பார்ப்பவள்.

தவணைக்கு வாங்கிய லென்ஸில் பிடித்த
முதல் மீன்கொத்தியை அவள் திரையில் போட்டேன்.
"எங்க பாக்குது இது?"
வலப்பக்கம்.
"வலப்பக்கம் சுவர் எழுப்பிட்டியே.
மூக்கு முட்டிக்கிட்டு நிக்குது, பாவம்."
அலகுக்கு முன்னால் கொஞ்சம் வானம் விடு,
பறக்க நினைத்தால் இடம் வேண்டாமா என்றாள்.

அன்றிலிருந்து விட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆலை வாசலில், எடைமேடையில் எனக்கு வேலை.
லாரி ஏறும், எண் விழும், லாரி இறங்கும்.
செம்பனைக் குலையின் கனம் தெரியும்.
சட்டகத்தின் கனம் பிடிபடவில்லை:
நடுவில் குந்திய உடும்பு ஏன்
ஐசி படம் போலிருக்கிறது,
ஓரத்துக்குத் தள்ளியதும் ஏன்
கால்வாயும் அதோடு ஊர்கிறது.

முட்டி போட்டேன், உடும்பின் கண்மட்டத்துக்கு.
முழங்காலில் மட்டை முள்.
வாலை வெட்டாதே.
பின்னால் உரச்சாக்கு தெரிந்தால்
கணினியைத் தேடாதே, ரெண்டடி தள்ளி நில்.
இருட்டைத் துடைக்கத் துடைக்க
இறகு மெழுகாகிப் போகும்.
இதெல்லாம் அவள் சொன்னதில் பாதி.
மீதி ஹொக்கியன், எழுத முடியாது.

அப்புறம் அந்தக் கூகை.

எலி பிடிக்கவென்று தோட்டமே வீடு கொடுத்த ஆந்தை.
கம்பத்தின் மேல் பெட்டி,
பெட்டியில் சிவப்புச் சாயத்தில் 14.
ஏழு சாயங்காலம் வரவில்லை.
எட்டாம் நாள் மங்கலில் வந்து
விளிம்பில் அமர்ந்தது, வாயில் எலியோடு,
முகத்தைப் பாதி இடப்பக்கம் திருப்பி,
நான் கேட்டுக்கொண்டது போலவே.

எல்லாம் சரி, ஒரு நீலம் தவிர.
மிட்டாய் தின்ற பிள்ளையின் உதடு மாதிரி
எலியின் வாயோரம் ஒரு கறை.
கண் அங்கேயே போய் விழுந்தது.
கண்ணை இழுப்பதை எடு என்பது பாடம்.
எடுத்தேன்.
இருநூறு சதம் பெரிதாக்கி, பக்கத்து ரோமத்தை
நகலெடுத்து மேலே ஒட்டினேன், ஒவ்வொன்றாக.
கை சும்மா இருக்கவில்லை.
14ஐயும் அழித்தேன். கம்பத்தையும்.
கூகை காட்டுப் பறவையாகிவிட்டது.

சியூ யென் வெகுநேரம் பார்த்தாள்.
முதல் தடவையாக ஒன்றும் சொல்லவில்லை.
ஆபீசில் கேட்டார்கள், நாள்காட்டிக்கு.
ஜனவரி என்றார்கள்.

நவம்பரில் பெட்டி காலி.
குலை வெட்டுகிற சுகியோனோ கூட்டிப்போய்க் காட்டினார்:
மரத்தடியில், ஒரு சிறகு விரிந்தபடி.
அடுத்த மரத்தடியில், அதற்கடுத்ததில்,
சோப்புத் துண்டளவு மருந்துக் கட்டிகள்.
அதே நீலம்.

எது கொன்றது என்று சொல்ல
நான் படித்தவனில்லை. எடை போடுகிறவன்.
வீட்டுக்கு வந்து மூலப் படத்தைத் திறந்தேன்.
நிமிர்த்தவில்லை, நறுக்கவில்லை.
14 இருந்தது. கம்பத்தில் துரு இருந்தது.
அப்போதுதான் பார்த்தேன்,
கூகையின் கண் இம்மியளவு தப்பி மங்கியிருக்க
லென்ஸ் போய்ப் பிடித்திருந்தது
எலியின் வாயை.

"அன்னைக்கே தெரிஞ்சுதா?" என்றேன் சியூ யெனிடம்.
"எதையோ தேச்சிருக்கன்னு தெரிஞ்சுது.
எதைன்னு கேக்கல.
நான் தினம் மச்சம் அழிக்கிறவ."
கழுவித் தந்தாள். ரெண்டு ரிங்கிட் வாங்கிக்கொண்டாள்.

எடைமேடைச் சன்னலில் நாள்காட்டி தொங்குகிறது.
அழகு, என்கிறார்கள் எல்லோரும்.
அலகுக்கு முன்னால் வானம்
நிறையவே விட்டிருக்கிறேன்.
பக்கத்தில் அந்தச் சின்னப் படம், ஒட்டுநாடாவில்.

நேற்று ஒரு லாரிக்காரர் எட்டிப் பார்த்தார்.
"அதென்ன, வாயில நீலமா?"

எண் விழட்டும் என்று காத்திருந்தேன்.
விழுந்தது.
சொன்னேன்.