அளவுக்குப் படுத்தவன்

உம் அல் குவைனில் படகேறி
கண்டல் தாண்டி இறங்கினால்
முழங்கால் உயரத்தில் ஒரு மடம்.
ஆயிரத்துச் சொச்சம் வருஷம் என்கிறார்கள்.
நான் சல்லடை பிடிப்பவன்.
மீன்முள், பானை ஓடு, ஒரு பாசிமணி,
எல்லாம் எண் போட்ட பைக்குள்.
அடுப்புக் கரி மட்டும்
இன்னும் கையில் ஒட்டுகிறது.

படமெடுக்கும் அம்மா அளவுகோலைப்
படகிலேயே விட்டுவிட்டார்.
என்னைப் படுக்கச் சொல்லிச் சைகை காட்டினார்.
துறவியின் அறையில் நீட்டிப் படுத்தேன்.
பாதம் ஒரு சுவரில், உச்சந்தலை மறு சுவரில்.
இருதயராஜ், ஐந்தரை அடி.
பெயரை எழுதவில்லை, அடியை எழுதினார்.

அப்பால் இருப்பது மடத்துத் தலைவர் வீடாம்:
நாலு அறை, நடுவில் முற்றம்.
எல்லாவற்றையும் விட்டு வந்தவர்களிலும்
ஒருத்தருக்கு முற்றம் இருந்திருக்கிறது.
"நம்ம கேம்ப் பாஸ் மாதிரி" என்றான்
கூடை தூக்கிப் போன இபுறாம்சா.
சிரித்ததில் வாய்க்குள் மண்.

ராத்திரி,
எட்டுப் பேர் அறை, இரட்டைக் கட்டில்கள்.
பழக்கமாகிவிட்டதோ என்னவோ,
தூக்கத்தில் கால் நீண்டு
அந்தச் சுவரைத் தேடியது.
பக்கத்துக் கட்டில் போர்வையில் பட்டது.

"எத்தனை அடி?" என்றான் இபுறாம்சா
கண் திறக்காமல்.