மீட்டல்

வலயக் கல்வி அலுவலகத்தில் இரண்டு கையெழுத்து வைத்து
ஒரு நாளுக்கு வாங்கிய புரொஜெக்டர்
காரைநகர் பஸ்ஸில் என் மடியில் இருந்து வந்தது.
கண்டக்டர் அதற்கும் ரிக்கெற் கேட்டான், பகிடிக்கு.
பொன்னாலைப் பாலத்தில் காற்று.
ஒரு கையால் சேலைத் தலைப்பை, மறுகையால் அதை.

பதினொன்று பி.
யன்னலுக்கு வாணி விழா மேடையின் கறுப்புத் திரை.
சுவர் வெள்ளை இல்லை, ஆனாலும் சமாளிக்கலாம்:
மாரியில் ஈரம் ஊறின இடத்தில்
போர்த்துக்கேயர் வந்து இறங்கினார்கள்.

ஏழு நிமிடம் நாற்பது விநாடி.
விளக்கக் குரல் எந்த ஊருடையதோ,
"டச்சுக்காரங்க" என்றது.
"ஒல்லாந்தர்!" என்று இருபத்தெட்டு வாய் திருத்தின.
அந்த ஒன்றுக்கே மகிழ்ந்துபோய்
பாடக்குறிப்பில் சரி போட்டேன்.

கமரா பறந்தது. கீழே கடற்கோட்டை,
வாளிக்குள் விழுந்த சவர்க்காரக் கட்டிபோல.
"ரீச்சர், நிப்பாட்டுங்கோ!"
ஜெனுசன் எழும்பிவிட்டான்,
அவன் தலை நிழல் கொத்தளத்தின் மேல்.
"அது எங்கட வள்ளம்."
நீலம். அணியத்தில் மஞ்சள் கோடு.
உள்ளே குனிந்தபடி வலை இழுக்கும் ஒரு முதுகு.
நான் கேட்டது ஆயிரத்து அறுநூற்று ஐம்பத்தெட்டை.
அவர்கள் பார்த்தது அந்த முதுகை.
"அப்பா சொல்லவேயில்லை, தன்னைப் படம் பிடிச்சவையெண்டு."
அவருக்கே தெரிந்திராது;
வரலாற்றில் வருகிற முக்கால்வாசிப் பேருக்கும் இப்படித்தான்
என்று ஒரு வசனம் தொண்டைவரை வந்தது.
விழுங்கினேன்.
கரண்ட் போகமுதல் மிச்சத்தை ஓட்டவேண்டும்.

பிறகு கயிறு.
கரும்பலகை ஆணியிலிருந்து அலுமாரிக் கைப்பிடிவரை,
உடுப்புக் காயப்போடுகிற கிளிப்புகளோடு.
ரோஸ் அட்டையில் ஆண்டு, வெள்ளையில் நிகழ்வு.
இரண்டு அணி, ஐந்து நிமிடம், அடிபடக்கூடாது.
அடிபட்டார்கள்.
கோல்புறூக் போய் டொனமூருக்குப் பின்னால் தொங்க,
"ரீச்சர், அபிஷாந் நூறு வருசத்தைக் களவெடுத்திட்டான்!"

ஆயிரத்து எழுநூற்று ஏழு மட்டும்
யதுமிளாவின் கையில் நின்றுவிட்டது.
தேசவழமை தொகுக்கப்பட்ட ஆண்டு.
முதுசொம், சீதனம், ஒற்றி என்று நான் அடுக்க,
"ஒற்றியும் இதிலயோ?"
"ஓம். காணியைக் குடுத்துக் காசு வாங்கிறது.
வட்டிக்குப் பதிலா அவை விளைச்சலை எடுப்பினம்.
காசைத் திருப்பிக் குடுத்தா..."
"மீட்கலாம். தெரியும் ரீச்சர்.
எங்கட ஆறு பரப்பு, கிணத்தோட.
அக்கான்ர கலியாணத்துக்கு வைச்சது.
சுவிஸ்காரர் வைகாசிக்குள்ள எண்டு சொல்லிட்டினம்."

என்னிடம் இருந்தது ஒரு வரி, இரண்டு புள்ளி.
வீடியோவில் அதுவும் இல்லை.
பாடக்குறிப்பின் தலைப்பில்
என் குண்டெழுத்தில் "மீட்டல்" என்றிருந்தது;
கொப்பியை மூடினேன்.

அவள் அட்டையைக் கொண்டுபோய்
ஒல்லாந்தருக்குப் பக்கத்தில் கொழுவவில்லை.
கோட்டையைத் தாண்டி, கண்டியைத் தாண்டி,
சோல்பரியையும் தாண்டி
அலுமாரி ஓரம், கயிறு முடிகிற இடத்தில்.
"பிழை! புள்ளியைக் குறையுங்கோ!"
மற்ற அணி மேசையில் அடித்தது.
குறைத்தேன்.
மார்கழிச் சோதனையிலும் குறைப்பார்கள்.

எண்ணிக் கட்டும்போது ரோஸ் அட்டை ஒன்று இல்லை.
அடுத்தநாள் காலை வரவு எடுக்கமுதல்
மேசையில் வைத்துவிட்டுப் போனாள், ஒன்றும் சொல்லாமல்.
பின்பக்கம் பென்சிலால்
மூன்று லட்சம்,
கீழே எண்பத்தையாயிரம்,
கோடு,
இரண்டு லட்சத்துப் பதினையாயிரம்.

கழித்தல் சரி.
மூன்றாம் பாடம் பதினொன்று ஏ.
அவர்களுக்கும் அதே அட்டைதான் கொடுத்தேன்,
ஆண்டு முன்பக்கம் தெரிய.